எம்ஜிஏ காரின் இன்ஜினில் எது எம்ஜி, எது அம்பாசிடர்?

கேட்கப்பட்டது இது: ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்த தாத்தா விட்டுப்போன, எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் 1957-ஆம் வருட எம்ஜிஏ 1500 ஸ்போர்ட்ஸ் கார், வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஓடவும் ஓடுகிறது. ஆர்பிஎம் மீட்டர் மட்டும் வேலை செய்வதில்லை, அதன் கேபிள் கீழே தொங்குகிறது. சென்னையிலிருந்து பார்க்க வந்த ஒரு வியாபாரி, "இது அம்பாசிடர் இன்ஜின், அதனால் பாதி விலைதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் இன்ஜினின் முக்கிய உடம்பான பிளாக்கில் இருக்கும் தகட்டில் 15ஜிபி என்று தெளிவாக இருக்கிறது. யார் சொல்வது சரி? எந்த பாகம் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டுமா?

தகடும் பொய் சொல்லாமல் இருக்கலாம், வியாபாரியும் பொய் சொல்லாமல் இருக்கலாம். இந்தியாவில் அறுபது வருஷத்துக்கு மேல் ஓடிய ஒரு எம்ஜிஏ இன்ஜினை "இது எம்ஜி", "இது அம்பாசிடர்" என்று ஒரே வார்த்தையில் அடக்க முடியாது. பிளாக் ஒரு வண்டியிலிருந்து வந்திருக்கும், அதன் மேல் மூடியான ஹெட் இன்னொன்றிலிருந்து, பிஸ்டன் சென்னையில் செய்ததாக இருக்கும், பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் இங்கிலாந்திலிருந்து வந்ததாகவே இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். அதை விசாரித்து எழுதிவைக்காமல் ஒரு போல்ட்டைக்கூட மாற்றாதீர்கள்.

இந்தக் குழப்பம் வருவதற்கே காரணம், இரண்டு வண்டிகளின் இன்ஜினும் ஒரே குடும்பம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், சுருக்கமாக பிஎம்சி, பி-சீரிஸ் என்ற நான்கு சிலிண்டர் இன்ஜினை ஆஸ்டின், மாரிஸ், எம்ஜி, உல்ஸ்லி, ரைலி என்று தன் எல்லாப் பெயர்களுக்கும் போட்டது. அபிங்டன் தொழிற்சாலையில் 1955-இல் வந்த எம்ஜிஏ 1500-க்கும் அதுதான். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடருக்கு முதலில் 1476 சிசி சைடு வால்வ் இன்ஜினைப் போட்டு, 1959 வாக்கில் ஓவர்ஹெட் வால்வ் 1489 சிசிக்கு மாறியபோது, அதுவும் அதேதான். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 73.025 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 88.9 மில்லிமீட்டர். மூன்று மெயின் பேரிங். எம்ஜியில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரோடு சுமார் 70 குதிரைத்திறன், அம்பாசிடரில் ஒற்றைக் கார்புரேட்டரோடு சுமார் 50.

அப்புறம் காலம். ஐம்பதுகளின் நடுவிலிருந்து வெளிநாட்டு வண்டி இறக்குமதி பெரும்பாலும் அடைபட்டுப்போனது. ஏற்கெனவே இங்கே வந்திருந்த வண்டிகளுக்கு பாகம் வரவழைப்பது அதைவிடச் சிரமம். ஆனால் பஜாரில் எந்தக் கடைக்குப் போனாலும் அம்பாசிடர் சாமான் கிடைத்தது. அந்த நிலைமையில் எந்த மெக்கானிக்காக இருந்தாலும் அம்பாசிடர் பாகத்தைத்தான் போட்டிருப்பார். அது ஏமாற்று வேலை இல்லை. வண்டியைக் காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றிய வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் காகிதம். ஆர்சி புத்தகத்தை எடுங்கள். அதில் இருக்கும் இன்ஜின் எண்ணும் தகட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அடுத்து, சேஸிஸ் எண்ணை வைத்து இங்கிலாந்தின் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதினால், கட்டணம் வாங்கிக்கொண்டு ஹெரிடேஜ் சான்றிதழ் தருவார்கள். தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, வண்டி எந்தத் தேதியில் கட்டப்பட்டது, எந்த நிறம், எந்த இன்ஜின் எண்ணோடு வெளியே போனது என்று அதில் எழுதியிருக்கும். இந்த மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆர்சியும் தகடும் ஒத்துப்போய், ஹெரிடேஜ் மட்டும் வேறாக இருந்தால், வண்டி இங்கே பதிவாகும் முன்பே இன்ஜின் மாறியிருக்கலாம், அல்லது மாறிய எண்ணைப் பிற்பாடு ஆர்சியில் முறையாக ஏற்றியிருக்கலாம்.

தகட்டைப் படிப்பது எளிது. 15 என்றால் 1500 சிசி. ஜி என்றால் எம்ஜி. மாரிஸாக இருந்தால் அந்த இடத்தில் எம், ஆஸ்டினுக்கு ஏ, உல்ஸ்லிக்கு டபிள்யூ, ரைலிக்கு ஆர். அதற்கடுத்த பி என்பது அந்த இன்ஜின் வகையைக் குறிக்கும் எழுத்து. பிற்பாடு செல்ஃப் மோட்டாரின் இடம் மேலே ஏறியபோது 15ஜிடி ஆனது. பின்னால் வரும் யு நடுவில் கியர் கம்பி உள்ள வண்டிக்கு, எச் உயர் கம்ப்ரஷனுக்கு (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம்), எல் என்றிருந்தால் தாழ்ந்த கம்ப்ரஷன். மேக்னட் என்ற எம்ஜியின் நான்கு கதவு காரும் இதே இன்ஜின்தான், ஆனால் அதில் 15ஜிஏ அல்லது 15ஜிசி என்று வரும். ஆகவே ஜி இருந்தாலே எம்ஜிஏ என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஆனால் தகடு என்பது பிளாக்கின் வலது பக்கத்தில் ரிவெட் அடித்து ஒட்டிய ஒரு மெல்லிய உலோகத் துண்டு. பிளாக் மாற்றும்போது பழைய தகட்டைக் கழற்றிப் புதிய பிளாக்கில் அடிப்பது அந்த நாளில் சாதாரணம். ஆர்சியில் எண் மாறக்கூடாது என்பதற்காகவே செய்வார்கள். அதனால் எண்ணைவிட ரிவெட்டைக் கவனியுங்கள். தலை நசுங்காமல் ஒரே சீராக இருக்கிறதா, இல்லை ஒன்றுக்குப் பதில் சின்ன ஸ்க்ரூ இருக்கிறதா? தகட்டின் ஓரத்தில் பெயிண்ட் எப்படி இருக்கிறது? பக்கத்தில் வேறு துளையை அடைத்த தடம் உண்டா? டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். தகட்டைக் கழற்றிப் பார்க்கவே கூடாது. தொட்ட தகடு தொட்ட தகடுதான், பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

இனி பிளாக். தகட்டை மாற்றலாம், வார்ப்பை மாற்ற முடியாது. நீங்கள் சொன்ன அந்தத் தொங்கும் கேபிள்தான் இங்கே எனக்கு முக்கியமான துப்பு. எம்ஜிஏ 1500-இல் ஆர்பிஎம் மீட்டர் மின்சாரத்தில் ஓடுவது இல்லை. வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்டின் பின்கோடியில் பல் வெட்டியிருப்பார்கள். அதோடு சேரும் ஒரு சின்ன கியர், பிளாக்கின் இடது பக்கம் பின்கோடியில் ஒரு சிறு கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். கேபிள் அங்கிருந்து கிளம்பி டேஷ்போர்டுக்குப் போகும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிற இடது பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் இருக்கும் பக்கம். வீட்டு உபயோகத்துக்கான கார்களில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, ஆகவே அந்த ஏற்பாடும் கிடையாது.

இன்ஜின் ஆறிய பிறகு வண்டிக்கு ஜாக்கி போட்டு, கீழே ஸ்டாண்டும் வைத்துவிட்டு, இடது பின்கோடியில் படிந்திருக்கும் ஆயில் பிசுக்கை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். மூன்று நிலைகளில் ஒன்றைப் பார்ப்பீர்கள். அந்தக் கூடு இருக்கிறது, கேபிள் மட்டும் கழன்றிருக்கிறது என்றால் சந்தோஷம். பிளாக் பெரும்பாலும் எம்ஜிஏவுடையது, கேபிளை மாட்டினாலே மீட்டர் வேலை செய்யக்கூடும். கூடு இருந்து, கேபிள் மாட்டியும் முள் அசையவில்லை, உள்ளே கியர் சுற்றவில்லை என்றால் பிளாக் எம்ஜி, கேம் ஷாஃப்ட் வேறு காருடையது என்று சந்தேகப்படலாம். சின்ன கியரின் பல் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும், அதனால் கியரை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மூன்றாவது, அந்த இடத்தில் துளையே இல்லை என்றால் பிளாக் வேறு வண்டியுடையது, வியாபாரி சொன்னது பிளாக்கைப் பொறுத்தவரை சரி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒன்று கேளுங்கள்: ஆர்பிஎம் முள் எப்போதிலிருந்து ஆடவில்லை? அது நின்ற சமயமும், இன்ஜினை முழுக்கப் பிரித்துச் சரிசெய்யும் பெரிய ஓவராயில் நடந்த சமயமும் ஒன்றாக இருந்தால், பிளாக்கோ கேமோ மாறியது அப்போதுதான்.

பிளாக்கிலும் ஹெட்டிலும் வார்ப்பிலேயே எழுத்துகள், எண்கள் மேடாக இருக்கும். அவற்றின் மேல் பல தடவை பெயிண்ட் ஏறியிருக்கும். தின்னர் தொட்டு, கையால் பிடிக்கும் பித்தளை ஒயர் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டரில் மாட்டும் ஒயர் வீல் வேண்டாம், விளிம்பு மழுங்கிப்போகும். காய்ந்த பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் மேடான இடம் மட்டும் வெள்ளையாக வரும். அதைப் போட்டோ எடுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் 1800 என்று வந்தால் அது எம்ஜிபி இன்ஜின், 1962-க்குப் பிறகானது. ஹெட்டில் 12எச் என்று தொடங்கும் எண், உதாரணமாக 12எச்906 அல்லது 12எச்2389, வந்தால் அது எம்ஜிபியின் ஹெட். வேறு எழுத்துகள் வந்தால் பழைய அம்பாசிடர் ஒன்றின் பிளாக்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு காலத்தில் சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலிலும் காட்பாடி ஸ்டேஷனிலும் வரிசையாக நின்ற டாக்ஸிகள் எல்லாம் அம்பாசிடர்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் ஒப்பிட ஒரு பழைய பிளாக் கிடைக்காமல் போகாது. புத்தகத்தில் படிப்பதைவிட இரண்டு வார்ப்பையும் கண்ணால் பார்ப்பது நல்லது.

வெளித்தோற்றத்தை வைத்து ஏமாற வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறு பிளாக்கை எம்ஜிஏவில் உட்காரவைக்க வேண்டுமானால், வண்டியின் மவுண்டிங்கோடும் எம்ஜியின் கியர்பாக்ஸோடும் அது பொருந்தியாக வேண்டும். அதனால் முன்பக்கப் பிளேட், பின்பக்கப் பிளேட், ஃப்ளைவீல், சம்ப், மேனிஃபோல்ட் இவற்றைப் பழைய இன்ஜினிலிருந்தே எடுத்து மாட்டியிருப்பார்கள். பானட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது எல்லாம் எம்ஜியாக இருக்கும், நடுவில் இருக்கும் இரும்பு மட்டும் வேறாக இருக்கும்.

ஹெட் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது, ஏனென்றால் இந்த இன்ஜினில் எம்ஜிக்கும் அம்பாசிடருக்கும் உள்ள சக்தி வித்தியாசத்தில் பெரும்பங்கு ஹெட், கேம், கார்புரேட்டர் மூன்றில்தான் இருக்கிறது. ஹாரி வெஸ்லேக் வடிவமைத்த இதய வடிவ அறை இரண்டிலும் உண்டு. காற்று போகும் துளைகள் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இரண்டு, புகை வெளியே வருவதற்கு மூன்று. இது குடும்ப லட்சணம், இதை வைத்துப் பிரிக்க முடியாது. பிரிப்பது வால்வின் அளவு. எம்ஜிஏ 1500-இன் இன்லெட் வால்வுத் தலை 38.1 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை இஞ்ச். எக்ஸாஸ்ட் 32.5 மில்லிமீட்டர். சாதாரண கார்களின் ஹெட்டில் இரண்டும் இதைவிடச் சிறியவை. ஹெட்டைக் கழற்றினால் வெர்னியர் ஒன்றே போதும். எம்ஜியில் வால்வுக்கு ஸ்ப்ரிங் இரட்டை, ஒன்றுக்குள் ஒன்று. இதை ராக்கர் கவரைத் திறந்தாலே பார்க்கலாம். ஒற்றை ஸ்ப்ரிங் இருந்தால் ஹெட்டையே சந்தேகப்படுங்கள்.

இதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்றச் சொல்லமாட்டேன். பழைய ஸ்டட் முறிந்தால் வீண் செலவு. எப்படியும் கேஸ்கெட் மாற்றும் நேரம் வரும், அப்போது அளந்துகொள்ளலாம். கழற்றும் நாளில் பிஸ்டன் தலையையும் பார்த்துவிடுங்கள். எம்ஜிஏ 1500-இன் கம்ப்ரஷன் 8.3-க்கு 1. அந்தக் கால இந்தியப் பெட்ரோலின் ஆக்டேன் குறைவு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் அந்தப் பெட்ரோலைப் போட்டு 8.3-ஐ ஓட்டினால் மேடு ஏறும்போது இன்ஜின் தட்டும். அதனால் குழி ஆழமான பிஸ்டனைப் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைப்பது இங்கே புத்திசாலித்தனமான வேலையாக இருந்தது. இன்றைக்கு பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலே குறைந்தது 91 ஆக்டேன். 8.3-க்கு அது போதும்.

கேம் ஷாஃப்டை இன்ஜினைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பலரும் செய்வதில்லை, ஆனால் நம்பகமானது. கிராங்க் புல்லியில் டிகிரி வட்டம் ஒன்றை ஒட்டுங்கள். கணினியில் அச்சடித்து அட்டையில் ஒட்டினால் போதும். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு ராக்கர் கவரைத் திறந்து, முதல் சிலிண்டரின் இன்லெட் வால்வின் மேல் டயல் கேஜை வையுங்கள். டேப்பெட் இடைவெளியை முதலில் சரிசெய்துகொண்டு, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றி, வால்வ் எப்போது திறக்க ஆரம்பிக்கிறது, எப்போது முழுக்க மூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எம்ஜிஏ கேம், பிஸ்டன் உச்சிக்கு வர 16 டிகிரி இருக்கும்போதே இன்லெட்டைத் திறந்து, அடிக்குப் போனதற்கு 56 டிகிரி பிறகு மூடும். மொத்தம் 252 டிகிரி. சாதாரண கார்களின் கேம் 5-இல் திறந்து 45-இல் மூடும், மொத்தம் 230. கை அளவில் நாலைந்து டிகிரி முன்பின் வரலாம். ஆனால் இருபது டிகிரிக்கு மேலான வித்தியாசம் கண்ணுக்குத் தப்பாது. இதைச் செய்தாலே ஆர்பிஎம் கியர் விஷயத்தில் மிச்சமிருந்த சந்தேகமும் தீரும்.

போர் அளவு. ஸ்ட்ரோக்கை அளந்து பயனில்லை, 1489 முதல் எம்ஜிபியின் 1798 சிசி வரை எல்லாவற்றுக்கும் 88.9 தான். போரைத்தான் பார்க்க வேண்டும். 73.03 என்றால் புதிதாக இருந்த அளவு, அல்லது ஸ்லீவ் என்ற உள்குழாய் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தது. விளிம்பில் மெல்லிய வளையக்கோடு தெரிந்தால் ஸ்லீவ். 73.5 என்றால் தேய்ந்த சிலிண்டரை ஒரு தடவை குடைந்தது, 74.04 என்றால் இரண்டாவது தடவை. பிஸ்டன் தலையில் 20, 40 என்று அடித்திருப்பது இதைத்தான் சொல்கிறது, இஞ்சில் ஆயிரத்தில் இத்தனை பங்கு. 75.4 வந்தால் அது எம்ஜிஏ 1600-இன் அளவு. பிஸ்டனில் தயாரிப்பாளர் பெயரும் இருக்கும். 1949-இல் சென்னை செம்பியத்தில் ஆரம்பித்த இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், குறையாகவும் நினைக்க வேண்டாம். அளவும் எடையும் நான்கிலும் ஒத்திருந்தால் போதும்.

கிராங்க் ஷாஃப்ட்டைப் பொறுத்தவரை, எம்ஜிஏ என்றாலும் அம்பாசிடர் என்றாலும் பேரிங்கில் உட்காரும் மெயின் ஜர்னலின் விட்டம் 50.8 மில்லிமீட்டர்தான். 54 வந்தால் எம்ஜிபி. அதற்குமேல் இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. கிராங்க் எங்கிருந்து வந்தது என்பதைவிட எத்தனை தடவை கிரைண்ட் ஆகியிருக்கிறது, வெடிப்பு உண்டா என்பதுதான் கேள்வி.

வெளியே தொங்கும் சாமான்கள் பேசத் தயாராக இருப்பவை. கார்புரேட்டர் இரட்டை எஸ்யூ எச்4 ஆக இருக்க வேண்டும், வாய் ஒன்றரை இஞ்ச். இரண்டும் ஒரு ஜோடியா என்று பாருங்கள். உள்ளே ஊசியின் தண்டில் ஆங்கில எழுத்து அடித்திருக்கும், இரண்டிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், செல்ஃப் மோட்டார் மூன்றும் லூகாஸ். அவற்றின் உடம்பில் மாதமும் வருஷமும் குத்தியிருப்பார்கள். 57-இல் கட்டிய வண்டியில் அதற்குச் சில மாதம் முந்தைய தேதி இருந்தால் அது பிறந்தபோதே கூட வந்தது. லூகாஸ் டிவிஎஸ் என்று இருந்தால் பாடியில் செய்தது. அந்த நிறுவனம் தொடங்கியதே 1961-இல்தான், ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லாமல் பிற்பாடு மாற்றியது. டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் வேறு காருடையதாக இருந்தால் வேகத்துக்கு ஏற்ப பொறியை முன்கூட்டி விடும் அதன் அட்வான்ஸ் வளைவு எம்ஜிக்குப் பொருந்தாது. மாற்ற வேண்டிய பட்டியலில் அதை முன்னால் வையுங்கள்.

போல்ட்டுகளை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அவைதான் வண்டியின் மருத்துவக் குறிப்பு. இந்த இன்ஜினில் பெரும்பாலும் யுஎன்எஃப் என்ற இஞ்ச் அளவு மரை. அந்தக் கால பிரிட்டிஷ் யுஎன்எஃப் போல்ட்டின் தலையில் ஒன்றையொன்று தொடும் சிறு வட்டங்கள் இருக்கும். அரை இஞ்ச் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார வேண்டிய இடத்தில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால், யாரோ பிற்பாடு வேறு போல்ட் போட்டிருக்கிறார்கள். இதில் ஒரு ஆபத்து. 5/16 இஞ்ச் போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போல்ட் இரண்டு சுற்று போகும், அப்புறம் பிடிக்கும், பலம் போட்டால் உள்ளே இறங்கும், ஆனால் துளையின் மரையைத் தின்றுவிட்டுத்தான் இறங்கும். தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பம்ப், டேப்பெட் பக்க மூடி இந்த இடங்களில் ஒவ்வொரு போல்ட்டையும் வெளியே எடுத்து மரை அளவியை வைத்துப் பாருங்கள். எட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் துளைக்கு ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டு 5/16-க்குத் திருப்பலாம், நல்ல லேத் பட்டறையில் செய்துதருவார்கள்.

இதே கேள்வி வேறு வண்டிகளுக்கும் வரும். பழைய எம்ஜி டிசி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அதன் 1250 சிசி எக்ஸ்பிஏஜி இன்ஜின், மாரிஸ் டென் இன்ஜினிலிருந்து வளர்ந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆரம்பத்தில் இந்துஸ்தான் 10 என்று விற்றது அந்த மாரிஸ் டென்னைத்தான். டிசியில் மரை மெட்ரிக், போல்ட் தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. தெரியாதவர் கையில் கிடைத்தால் பாழ்தான். ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்றால் அதன் உறவினர் இங்கேயே வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்பிட்ஃபயரின் முதல் இரண்டு வகைகளில் இன்ஜின் எண் எஃப்சி என்று தொடங்கும், 1147 சிசி, போர் 69.3. இங்கே செய்த ஹெரால்டு 948 சிசி, போர் 63. அளந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சரி, எதை மாற்றுவது? பிளாக் அம்பாசிடர் என்றே தெரிந்தாலும் அதை மாற்ற அவசரப்படாதீர்கள். அளவு ஒன்று, பேரிங் ஒன்று, நல்ல நிலையில் இருந்தால் இன்னும் பல வருஷம் ஓடும். மாற்றினால் பலன் தெரிவது கேம், ஹெட், டிஸ்ட்ரிபியூட்டர் இந்த வரிசையில். மூன்றும் எம்ஜி அளவுக்கு வந்துவிட்டால், உள்ளே இருப்பது உத்தர்பாரா பிளாக்காக இருந்தாலும் ஏலகிரி மலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி எம்ஜியாகத்தான் ஏறும். பிளாக்கில் ஆர்பிஎம் துளை இல்லையென்றால் மீட்டரின் முகப்பை அப்படியே வைத்து உள்ளே மின்னணு இயக்கம் பொருத்திக்கொள்ளலாம். கழற்றும் எந்த பாகத்தையும் எடைக்குப் போடாதீர்கள். ஆயில் தடவி, எங்கிருந்து கழற்றியது, என்று கழற்றியது என்று எழுதிய சீட்டோடு கட்டி வையுங்கள். தாத்தா காலத்து ஓவராயிலில் கழற்றிய எம்ஜி பிளாக்கோ ஹெட்டோ வீட்டுப் பரணிலோ தோல் குடோனிலோ கிடக்கிறதா என்று ஒரு தடவை நன்றாகத் தேடவும் செய்யுங்கள், தம்பி. அந்தக் காலத்தில் நல்ல வார்ப்பை யாரும் லேசில் தூக்கி எறியவில்லை.

விலையைப் பொறுத்தவரை, முதலில் பிறந்த இன்ஜின் இல்லாத வண்டிக்கு விலை குறையும் என்பது உண்மை. பாதி என்பது பேரம். எது அசல், எது மாற்று என்று போட்டோவோடு நீங்களே எழுதிவைத்த ஒரு கோப்பும் ஹெரிடேஜ் சான்றிதழும் கையில் இருந்தால், பேசுகிறவர் தொனியே மாறும். அதுவரைக்கும் யார் வந்தாலும் கார்புரேட்டரை மட்டும் தனியாகக் கொடுங்கள், டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் கொடுங்கள் என்று கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக ஆர்டிஓ விஷயம். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்று விதி சொல்கிறது, தினசரி ஓட்டவும் அனுமதி கிடையாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக மட்டும்தான். ஆகவே விண்ணப்பம் போடும் முன் வேலூர் ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஆர்சியையும் தகட்டின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு போய், எண் ஒத்துப்போகிறதா என்று காட்டிக் கேட்டுவிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் இப்போதிருக்கும் இன்ஜின் எண்ணை ஆர்சியில் முறையாக ஏற்றவேண்டும், வின்டேஜ் விண்ணப்பம் அதற்குப் பிறகுதான்.